ஜன்னலுக்குக் கீழே

அப்பா இறந்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. மகள் அவருடைய வெள்ளைச் சட்டையை மூன்றாவது முறையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். சட்டையில் ஒரு சுருக்கமும் இல்லை. கை நின்றால் யாராவது எதையாவது கேட்பார்கள் என்றிருந்தது.

அம்மாவும் உட்காரவில்லை. கழுவிய டம்ளர்களை மறுபடி கழுவினாள். அலமாரியைத் திறந்தாள், மூடினாள். போகும்போதும் வரும்போதும் இஸ்திரி மேசையருகே நின்றாள்.

“கடைசியா ஏதாவது சொன்னாராடி?”

“தண்ணி கேட்டாரும்மா.”

“அப்புறம்?”

“தூங்கிட்டாரு.”

இரண்டும் உண்மைதான். இரண்டுக்கும் நடுவில் ஒன்று நடந்திருந்தது. அதைச் சொல்வதில்லை என்று ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவர் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்திருந்தாள்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். கண்ணால் பார்க்காத கம்பியை நம்பக்கூடாது என்பார். அம்மா முப்பது வருடம் அவருக்காக ஜெபித்தாள். அவர் முப்பது வருடம் அவளை ஞாயிறுதோறும் ஸ்கூட்டரில் கொண்டுபோய் ஆலய வாசலில் இறக்கிவிட்டு, பக்கவாட்டு ஜன்னலுக்குக் கீழே வண்டியை நிறுத்திப் பேப்பர் படித்தார். மழை பெய்தாலும் உள்ளே வரமாட்டார். குடையைப் பிடித்துக்கொண்டு படிப்பார்.

“ஒரு பக்கத்த ஒன்றரை மணி நேரம் படிக்கிற ஆளு உலகத்துலயே உங்கப்பாதான்” என்று அம்மா சீண்டுவாள்.

“நீங்க போடுற சத்தத்துல எழுத்து எங்க மண்டைல ஏறுது?” என்பார்.

மாமா கைபேசியைக் காதில் வைத்தபடி உள்ளே வந்தார். அம்மாவின் அண்ணன். சபையில் மூப்பர்.

“நோட்டீஸ் அடிக்கிறவன் லைன்ல இருக்கான். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’னுதானே போடணும்?”

அம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். “வேண்டாம்ண்ணே. அது விசுவாசிங்களுக்குப் போடுறது. ‘காலமானார்’னு போடச் சொல்லுங்க.”

“நல்லா இருக்கே! சபையில நாலு பேரு என்ன நினைப்பாங்க? போட்டுட்டுப் போவோம். மாப்பிள்ளை என்ன எழுந்து வந்து சண்டையா போடப்போறாரு?”

“போடுவாரு” என்றாள் அம்மா. சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போயும்விட்டது. “அவரு வாயால சொல்லாதத நாம சொல்லக்கூடாதுண்ணே. இத்தன வருஷம் அவர்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. இன்னிக்கா ஆரம்பிக்கிறது?”

“இதுல பொய் எங்க வந்துச்சும்மா?”

“அவரப் பரலோகத்துல மறுபடி பார்ப்பேனான்னே எனக்குத் தெரியல. நோட்டீஸ்ல போட்டா தெரிஞ்சிடுமா?”

மாமா கைபேசியைக் காதிலிருந்து இறக்கினார். அதற்குள்ளிருந்து ஒரு குரல் ஹலோ, ஹலோ என்றது.

அம்மா மேசைக்கு வந்து சட்டையை எடுத்தாள். ஒவ்வொரு பொத்தானாகத் தொட்டுப் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரில குடுக்கும்போது சொல்லிடு. மேல் பொத்தான் போட வேண்டாம். கழுத்த நெரிக்குதும்பாரு.”

மேல் பொத்தானிலேயே அவள் விரல் நின்றுவிட்டது.

‘உங்கம்மாகிட்ட மட்டும் மூச்சு விடாத’ என்றிருந்தார் அப்பா. ‘ஜெயிச்சிட்டேன்னு ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவா.’ சிரிக்கப் பார்த்து இருமினார். யாருடைய ஆயுசுக்கு என்று அவர் யோசித்திருக்கமாட்டார்.

மகள் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினாள்.

“மாமா, போனை வெச்சிடாதீங்க.”

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

“அம்மா, தண்ணி குடிச்சிட்டு, நீங்க ஞாயிறுதோறும் ஆலயத்துல சொல்ற பரமண்டல ஜெபத்தச் சொல்லுன்னாரு. ஆரம்பிச்சேன். ரெண்டாவது வரிக்கு மேல என்னால முடியல.”

சூடு இறங்கும் பெட்டி டக்கென்றது.

“மீதிய அவரே சொன்னாரும்மா. ஆமென் வரைக்கும்.”