கெட்ட பக்கம்

அந்தப் பலகையைத் தூக்கி வேலை மேசையில் போட்டதுமே மில்லிமீட்டர் ஒரு கண்ணை மூடி ஓரம் பார்த்தார். தெருவில் அவருக்கு அதுதான் பேர். கதவு நூலளவு இழுத்தாலும் கழற்றி மாட்டுகிற தச்சருக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? பலகை, செத்துப்போன மகளின் படிப்பு மேசையிலிருந்து எடுத்தது. நடுவில் வெடிப்பு, ஓரமெல்லாம் புழு அரித்த ஓட்டை, போதாக்குறைக்கு வளைந்து வேறு கிடந்தது. மேலே அவள் காம்பஸ் முனையால் கிறுக்கிய பூனை. மீசைக்கு நீல மை.

“பாப்பா கிறுக்கினது மட்டும் மெல்லிசாத் தகடா வந்தாப் போதுங்க. என் தையல் பெட்டி மூடியில ஒட்டிக்கிறேன்” என்று மனைவி காலையில் சொல்லியிருந்தாள். மகள் போனதிலிருந்து அவரிடம் அவள் எதையுமே கேட்டதில்லை. கேட்டுவிட்டாளே என்று மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

வளைந்த பலகையை அப்படியே ரம்ப மெஷினில் விட்டால் தகடு கோணிக்கொண்டு கிழியும். ஒரு பக்கத்தை இழைத்துச் சமமாக்கிவிட்டு, மறுபக்கத்திலிருந்து மெல்லிசாக அறுக்க வேண்டும். எந்தப் பக்கத்தை இழைப்பது என்று தொழிலில் யாரும் யோசிப்பதில்லை. கீறலும் கறையும் உள்ள கெட்ட பக்கத்தைத்தான். அவர் கண்ணும் நினைப்பும் அந்த வெடிப்பிலேயே இருந்தன. பாழாய்ப்போன கை தன்பாட்டுக்கு இழைப்புளியை எடுத்து ஓட்டிவிட்டது.

மரம் பளிச்சென்று வந்தபிறகுதான் உறைத்தது. அடப்பாவி, பூனையையே இழைத்துத் தள்ளிவிட்டோமே!

“அறுத்தாச்சா?” என்று மனைவி உள்ளே வந்தாள். அவர் இழைப்புளியைக் கீழே வைத்தார். அவள் பலகையைத் தடவினாள். புரட்டிப்போட்டு அடிப்பக்கத்தையும் தடவினாள்.

“இழைச்சிட்டீங்களா?”

“பழக்கதோஷம்... கை தானா...”

“அவ துணிமணி, செருப்பு எல்லாத்தையும் மறுநாளே ஒழிச்சீங்க. இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு.”

கண்ணில் பட்டால் நீ தாங்கமாட்டாய் என்றுதான் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் தாங்காதது யார் என்று அவருக்கே தெரியும். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அவள் மரத்தூளிலேயே உட்கார்ந்து இழைப்புச் சுருள்களைக் கிளறினாள். நீலம் பட்ட ஒரு சுருள் கிடைத்தது. மடியில் வைத்து மெதுவாக நீட்டினாள், விட்டதும் சுருண்டுகொண்டது. திரும்ப நீட்டினாள். அவர் பக்கத்தில் குத்துக்காலிட்டு, ஒரு முனையை விரலால் அழுத்திப் பிடித்தார்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். சுருள் மறுபடி சுருண்டுகொண்டது.