நீல டிரம்

ஷூவைக்கூடக் கழற்றாமல் கீழே வீட்டு ஓனரின் சமையலறைக்குள் பாய்ந்த இசக்கிபாண்டி, ஸ்ரீமதியின் கையிலிருந்த தட்டைப் பிடுங்கினான்.

கீரைக் கடைசல் தரையெல்லாம் சிதறியது. ஏழு மாத வயிற்றைப் பிடித்தபடி அவள் சுவரோரம் ஒதுங்கினாள்.

"இன்னாபா, பைத்தியமா புடிச்சிகீது?"

"அத திங்காதீய யக்கா. ஒரு வாய்கூட வேண்டாம்."

"ஏன்?"

வாசலில் காக்கி உடுப்போடு அவள் அப்பா, வீட்டு ஓனர் வரதராஜுலு நின்றிருந்தார். இசக்கிபாண்டி வேலை பார்க்கும் அதே கம்பெனியில் கேட் செக்யூரிட்டி. இசக்கிபாண்டி குனிந்து, சிதறிய கீரையைத் தட்டில் வழிக்கத் தொடங்கினான்.

வெங்காயம் நூறு ரூபாயைத் தொட்ட வருஷம் அது. வல்லம் வடகாலில் இந்த வீட்டு மொட்டைமாடியில் மூன்று நீல டிரம் வைத்துக் கீரையும் கத்தரியும் போட்டிருந்தான். மண்ணு, விதை, உரம் எல்லாம் கூட்டினால் கட்டு முப்பது ரூபாய் விழுகிறது, கடையில் பத்து ரூபாய்தான் என்று அறைத்தோழன் வனமாமலை தினமும் கிண்டலடிப்பான். கணக்கு உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு கட்டு கீழ்வீட்டுக்குப் போனதில் வாடகையில் நூறு குறைந்திருந்தது. அது ஒன்றுதான் லாபம்.

இன்று மதியம் சேஃப்டி கிளாஸில் ஒரு படம் காட்டினார்கள். அதிலிருந்தே ஓட்டம்தான்.

உண்மையைச் சொன்னால் அடுத்த மாதம் வரவேண்டிய பெர்மனென்ட் ஆர்டர் போய்விடும். சொல்லாவிட்டால், மாடியில் மிச்சமிருப்பதை இவள் நாளைக்குப் பறிப்பாள்.

"அந்த டிரம்மு கடையில வாங்கினது இல்ல சார்" என்றான். "நம்ம பிளேட்டிங் செக்‌ஷன்ல மஞ்ச ஸ்டிக்கர் ஒட்டி கெமிக்கல் வந்த டிரம்மு. கேட் பாஸ் இல்லாம கேன்டீன் வண்டியில ஏத்தி வெளிய கொண்டாந்தேன். எத்தன தடவ கழுவினாலும் வெசம் போவாதாம். இன்னைக்குத்தான் சொன்னாவ."

ஸ்ரீமதிக்கு இருமல் வந்தது. இதுவரை எத்தனை தடவை சாப்பிட்டோம் என்று அவள் விரல்கள் எண்ணத் தொடங்கின.

வரதராஜுலு போனை எடுப்பார், மேனேஜரைக் கூப்பிடுவார் என்று இசக்கிபாண்டி காத்திருந்தான். அவர் எடுக்கவில்லை. அவனைத் தாண்டி, சமையலறை மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அவர் மனைவி அலமு, மகளுக்குக் கொடுக்கக் குடிதண்ணீர் டிரம்மில் சொம்பை முக்கிக்கொண்டிருந்தாள்.

அதுவும் நீல டிரம். பக்கவாட்டில் கிழித்தெடுத்த மஞ்சள் ஸ்டிக்கரின் தடம்.

"அலமு, அந்தத் தண்ணிய குடுக்காத. கீழ ஊத்து." குரல் இறங்கியிருந்தது. "அத்த நான் துட்டு குடுத்து வாங்கல. நானும் அங்கேர்ந்துதான் எடுத்தாந்தேன்."