முந்நூறு என்று போட்டிருந்தது

ஹெட்போனின் காதுமெத்தை இரண்டும் தெய்வசிகாமணியின் தலையெண்ணெயில் ஊறிப் பிசுபிசுத்தன. கண்ணகி துப்பட்டா நுனியால் துடைத்தாள். துடைத்ததை மோந்து பார்த்ததுதான் தப்பு. எண்ணெய், வேர்வை, புகையிலை எல்லாம் சேர்ந்த அந்த வாடை சோறு தின்னும்போதும் மூக்கை விட்டுப் போகவில்லை.

வாங்கி ஒரு மாதம்கூட ஆகாத சாமான் அது. மனிதர் பாட்டுக் கேட்கவா வாங்கினார்? கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தன் மைக்செட் குடோனுக்கு மேல்மாடியில் திறந்திருக்கும் ஸ்டூடியோவுக்கு பேனர் அடிக்க வாங்கினார். அதை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி, ஏதோ ராகத்தில் கரைந்தவர் மாதிரி போட்டோவும் எடுத்துக்கொண்டார். பேனரில் அவர் பெயருக்குக் கீழே ‘இசைக்கலவை’ என்று போட்டிருந்தது. கலக்குகிறவள் கண்ணகி.

ஹெட்போனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் மின்தடை முந்நூறு ஓம். லேப்டாப்பின் ஓட்டையில் சொருகினால், பக்கத்து வீட்டில் யாரோ பாடுவது போலச் சன்னமாகத்தான் கேட்கும். சன்னமாகக் கேட்டால் பேஸ் என்கிற அடிச்சத்தம் கம்மியாகத் தெரியும். கம்மி என்று நம்பி ஏற்றினால், வெளியே பெரிய ஸ்பீக்கர் பாக்ஸில் போடும்போது அது குரலை விழுங்கிவிடும். அதை ஓட்ட, அதற்கென்றே சோப்பு டப்பா அளவில் ஒரு ஆம்ப் வேண்டும். கண்ணகி கேட்டுக் கேட்டு வாய் வலித்துப் போனாள்.

இந்தத் தடவை அவள் விடாமல் கேட்டதற்குக் காரணம் இருசம்மாள். வெள்ளிமலைக்கும் மேலே ஒரு ஊரில் கூலி வேலை செய்கிறவள். ஆடித் திருவிழாவுக்கு அம்மன் பாட்டுப் பதிய, பஸ் பிடித்து இறங்கி வந்தாள். கரகரத்த குரல். கடைசி அடிக்கு முன்னால் மூச்சு வாங்கும் இடத்தில் அது லேசாக உடையும். அந்த இடத்தில் கண்ணகிக்குக் கண் கலங்கிவிட்டது. பாடி முடித்துக் கிளம்பும்போது இருசம்மாள் கேட்டாள்.

“எங்கூர்ல போடறப்ப நான்தான்னு தெரியுமா, கண்ணு?”

“தெரியும்க்கா. உங்க கொரலு அப்பிடியேதான் வரும்.”

இந்த ஒரு வாக்கைக் காப்பாற்றத்தான் கண்ணகி மறுபடியும் போய் ஆம்ப் கேட்டாள்.

“ஆம்பா?” என்றார் தெய்வசிகாமணி. “கீழ அடுக்கி வச்சிக்கினு இருக்கறதெல்லாம் இன்னா, அடுப்பா?”

மூச்சு வாங்க ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். போன திருவிழாவின் குங்குமம் அதன்மேல் சேறாகக் காய்ந்திருந்தது. பின்பக்க ஓட்டையிலிருந்து கரப்பான் புழுக்கை கீபோர்டில் உதிர்ந்தது. கண்ணகி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தாள். அவர் புறங்கையால் தட்டிவிட்டு, அதே கையால் புகையிலையை வாயில் போட்டுக்கொண்டார்.

அடுத்து நடந்ததை அவளால் தடுக்க முடியவில்லை. ஹெட்போன் ஒயரின் நுனியில் இருந்த பின்னை வெட்டி எறிந்தார். ஒயரைப் பல்லால் கடித்து உரித்தார். செம்புக் கம்பியில் எச்சில் நூலாகத் தொங்கியது.

“ண்ணா, இது கோயிலுக்குக் கட்ற ஆம்பு. ஹெட்போன் தாங்காது.”

“ஏன் தாங்காது? இதுல முந்நூறுன்னு போட்டுக்குது. நம்ம ஆம்பு எரநூத்தம்பது வாட்டுதான்.”

“அது வாட்டு இல்லைங்க. ஓம்.”

“எல்லாம் ஒண்ணுதான். படிச்சதெல்லாம் காலேஜிலேயே வுட்டுட்டு வாம்மா.”

மலை ஊர்களில் மரத்துக்கு மரம் குழாய் ஸ்பீக்கர் கட்டும்போது ஒயர் வெகுதூரம் ஓடும். அதற்காக ஆம்பின் நூறு வோல்ட் திருகில் முடுக்குவது அவர் கைக்கு ஊறிய பழக்கம். மேசை அகலம்கூட இல்லாத இந்த ஒயரையும் கை தானாக அங்கேதான் கொண்டுபோய் முடுக்கியது.

“மாட்டிக்க,” என்று நீட்டினார்.

“மாட்ட மாட்டேன். அந்தத் திருகுல குடுத்தா எரிஞ்சிடும். காதும் போயிடும்.”

அவர் சிரித்துக்கொண்டே தன் தலையில் மாட்டினார். பாட்டை ஓடவிட்டு, குழாய்க்கு வைக்கிற அளவுக்குக் குமிழைத் திருகினார்.

டப்பென்று ஒரு சத்தம். அவர் பிடுங்கி எறிந்த ஹெட்போன் சுவரில் அடித்து விழுந்தது. கருகிய பிளாஸ்டிக்கும் சூடேறிய தலையெண்ணெயும் சேர்ந்து, கோழி மயிரை வாட்டுகிற நாற்றம் அறை முழுக்கப் பரவியது. தெய்வசிகாமணி இடது காதைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் குனிந்து உட்கார்ந்திருந்தார். டாக்டரிடம் போகலாம் என்று கண்ணகி சொன்னது அவர் காதில் ஏறவே இல்லை. நிமிர்ந்ததும் சொன்ன முதல் வார்த்தை, “டூப்ளிகேட்டு. ஏமாத்திட்டான்.”

அத்தோடு விட்டாரா? விடிந்தால் திருவிழா என்று, ஒரு காது அடைத்த அந்த மனிதர் லேப்டாப் முன்னால் தானே உட்கார்ந்துகொண்டார். இருசம்மாளின் குரல் தேய்ந்து கிடக்கிறது என்றார். எக்கோ போட்டார். உடைந்த இடத்தை மிஷினால் இழுத்து நேராக்கினார். அடிச்சத்தத்தை ஏற்றினார், இன்னும் ஏற்றினார். “அசல் இருக்கட்டும்ணா, மேல எழுதாதீங்க,” என்று கண்ணகி கத்தியது எந்தக் காதில் விழுந்ததோ. அசலின் மேலேயே சேமித்து முடித்துவிட்டு, பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தப் பையிலும் எண்ணெய்க் கறைதான். கண்ணகி போய்க் கையைக் கழுவினாள். இரண்டு தடவை சோப்புப் போட்டும் அருவருப்புப் போகவில்லை.

மறுநாள் மைக்செட் வண்டியில் அவளும் மலை ஏறினாள். கோயில் வாசலில் பாக்ஸ் அதிர்ந்து பந்தல் கால் ஆடியது. தகரத்தில் உருட்டுக்கட்டையால் அடிப்பது போல ஒரு சத்தம். அதற்கு நடுவே எங்கேயோ ஒரு வழவழப்பான பெண்குரல். அது எந்தப் பெண்ணின் குரலும் இல்லை.

இருசம்மாள் புதுப்புடவை கட்டியிருந்தாள். சொந்தபந்தம் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். பாட்டு முடிகிறவரை எல்லோரும் பொறுமையாக நின்று கேட்டார்கள். அப்புறம் அவள் கண்ணகியின் பக்கத்தில் வந்து, வெட்கத்தோடு கேட்டாள்.

“அடுத்து என்னுதப் போடுவியா, கண்ணு?”

தெய்வசிகாமணி கேட்கிற காதைத் திருப்பி, “இன்னாவாம்?” என்றார்.

“அவங்க பாட்டப் போடணுமாம்.”

“இப்ப ஓடுனது இன்னா? அதான்னு சொல்லு,” என்றவர், அதையே மறுபடியும் போட்டுவிட்டார்.

இருசம்மாள் மரத்தில் கட்டியிருந்த குழாயை நிமிர்ந்து பார்த்தாள். கூட வந்தவர்கள் அவளைப் பார்த்தார்கள்.

“இதுவா?” என்றாள்.