ஒட்டாத நோட்டீஸ்

இங்கிலாந்தில் எங்கள் டெவன் பக்கத்துப் பழைய வீடுகள், மண்ணையும் வைக்கோலையும் மாடுவிட்டு மிதித்து எழுப்பியவை. லவ்டே எண்டகாட்டின் வீட்டுக்கு மட்டும் அவள் மாமனார் சிமெண்ட் பூசித் தொலைத்தார். உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை. சுவர் ஊறிக் கஞ்சியாகிவிட்டது. நான் பக்கத்து வீட்டுக்காரன், கூரை வேய்கிறவன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. அந்தச் சுவருக்குள் தவளை கத்தியது. இரண்டு தவளை. ஒன்றுக்குச் சளி பிடித்திருந்தது.

"இந்தக் குளிர்காலத்த வீடு தாங்காது ஜேபஸு" என்று என்னிடம் சொல்லிவிட்டு லவ்டே உளியை எடுத்தாள்.

சிமெண்ட் பெயர்ந்ததும் சுவர் பெருமூச்சு விட்டது. அந்தக் காற்றில் என் தொப்பி பறந்து தேவாலயக் கோபுரத்தில் போய் உட்கார்ந்தது. பாதிரியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை, பெரிய மனுஷன்.

ஆனால் பழைய கட்டடங்களுக்கான அதிகாரி ஹார்கிரேவ் வந்துவிட்டார்.

"மிஸஸ் எண்டகாட், இது பாதுகாக்கப்பட்ட வீடு. பட்டியல்ல சேத்தப்பவே சிமெண்ட் இருந்துச்சு. அனுமதியில்லாம எடுத்தது குத்தம். திரும்பப் பூசிடுங்க."

"பூசினா வீடு விழுந்துடும் தம்பி."

"விழுந்தா அது வேற டிபார்ட்மென்ட்."

"அப்ப நான் எங்க படுக்கறது? அந்த டிபார்ட்மென்ட்லயா?"

அவர் பசை தடவி நோட்டீஸைச் சுவரில் ஒட்டினார். வழுக்கி விழுந்தது. மறுபடி ஒட்டினார். இந்தத் தடவை ஒரு கை மண்ணோடு அவர் பூட்ஸில் விழுந்தது.

"என்னிக்கு ஒட்டுதோ அன்னிக்குப் படிக்கறேன். இப்ப நடையக் கட்டு" என்றாள் லவ்டே.

குளிர்காலம் முழுக்கச் சுவர் தண்ணீரைக் கக்கியது. என் வாத்துகள் குளத்துக்குப் போவதையே விட்டுவிட்டன. சுவரின் கரைந்த அடிப்பகுதியில் அவள் புதுமண் மிதித்து அடைத்தாள். வீடு நின்றது.

கோடையில், வைக்கோல் காயும் பருவத்தில் ஹார்கிரேவ் மறுபடி வந்தார். ஒரு தட்டுத் தட்டியதும் நோட்டீஸ் சுவரில் ஒட்டிக்கொண்டது.

"ஒட்டிக்கிச்சு!"

"நல்லா அமுக்கிப் பாரு."

அமுக்கினார். "கல்லு மாதிரி இருக்கே."

"உங்க சிமெண்டுக்குள்ள கஞ்சியா கெடந்த சுவர் தம்பி இது. ஜேபஸு, கல்லுன்னு சொன்னது கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும்" என்றேன்.

சொன்னபடி லவ்டே நோட்டீஸைக் கடைசி வரி வரை படித்தாள். பிறகு சுண்ணாம்பு வாளியில் மட்டையை முக்கி, சுவரையும் நோட்டீஸையும் சேர்த்து வெள்ளையடிக்கத் தொடங்கினாள்.

"கோர்ட்டுக்குக் கூப்பிடு, வரேன். சிமெண்ட் மட்டும் இந்த வீட்டுல ஏறாது. கைய எடு தம்பி, அங்கயும் அடிக்கணும்."