பம்பு இல்லாத காலை

கலியனுக்கு மூச்சு வாங்குவது பிம்ப்ரி பவுண்டரியில் எல்லோருக்கும் தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் கலியன் ஒருவர்தான். மணல் அச்சிலிருந்து இரும்பு வார்ப்பைத் தட்டி உதறும் செக்‌ஷனில் பாதி ஆயுளைக் கழித்த மனிதர். இருமல் வந்தால் மெஷினுக்குப் பின்னால் போய் இருமித் தீர்த்துவிட்டு, சும்மா மூக்கைச் சிந்தப் போனவர்போலத் திரும்பி வருவார்.

அந்த வருடம் யூனியன் மல்லுக்கட்டி ஒன்றை வாங்கியிருந்தது. ஊதுகிற டெஸ்டில் நுரையீரல் மோசம் என்று வந்தால் ஆளை மணல் தூசி இல்லாத ஸ்டோருக்கு மாற்றிவிடுவார்கள். நன்றாக இருக்கிறது என்று வந்தால் பழையபடி மணல்தான்.

அவர் மனைவி ராஜி அந்த ஸ்டோருக்காக வேண்டாத தெய்வம் இல்லை. தலையணையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கும் மனிதரைப் பக்கத்தில் படுத்துப் பார்க்கிறவள் அவள்தானே. ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதை அவள் ஒன்றுவிடாமல் மனப்பாடம் செய்திருந்தாள். பீடி கூடாது, டீ கூடாது, வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது, இடுப்பை இறுக்கிக் கட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, மூச்சு முட்டும்போது வாயில் வைத்து இழுக்கும் பம்பைக் காலையிலிருந்து தொடவே கூடாது. அதை அடித்துக்கொண்டு வந்தால் நெஞ்சின் நிஜ நிலைமை தெரியாதாம்.

கேம்ப் ஏரியா ஆஸ்பத்திரியில் லிப்ட் வேலை செய்யவில்லை. மாடி ஏறியதும் கலியனுக்கு மூச்சு இரைத்தது. வராந்தாவில் டெஸ்டுக்கு வந்திருந்த அவர் செக்‌ஷன் பையன்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில் மூச்சிரைப்பதை அடக்கப் பார்த்து அவர் முகம் கறுத்துப்போனது. வாய்விட்டுக் கேட்கவில்லை, பம்பு இருந்த ராஜியின் பர்ஸைப் பார்த்தார். அவ்வளவுதான், இவள் மனசு இளகிவிட்டது. இத்தனை வருடத்து மணலை இரண்டு இழுப்பா கழுவிவிடப் போகிறது என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

"பாத்ரூம் பக்கம் போயி ரெண்டு இழுப்பு இழுத்துக்கிட்டு வாங்க," என்று பம்பைக் கையில் திணித்தாள்.

உள்ளே டெஸ்ட் எடுக்கும் ஷீலா மூக்குக்குக் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயை வாயில் வைத்தாள். "ஃபூங்கோ! அவுர், அவுர், அவுர்!" என்று இன்னும் இன்னும் ஊதச் சொல்லி அவள் இந்தியில் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. பையன்கள் விசிலடித்தார்கள். கலியன் கபடிக் களத்தில் நிற்பவர்போல் ஊதித் தள்ளினார்.

நார்மல் என்று வந்தது.

"பாத்தியா, நம்ம நெஞ்சு இன்னும் கெடல," என்றார் வெளியே வந்து. பள்ளிக்கூடப் பிள்ளை மார்க்கைக் காட்டுவதுபோல் பையன்களிடம் ரிசல்டைக் காட்டினார். எதற்காக வந்தோம் என்பதே மனிதருக்கு மறந்துபோயிருந்தது. தானே அவரைத் திரும்ப மணலில் தள்ளிவிட்டோம் என்று ராஜிக்குப் புரிந்தது. விறுவிறுவென்று டாக்டர் அறைக்குள் போனாள்.

"சாப், பம்ப் மைனே தியா," என்று பம்பைத் தானே கொடுத்ததைத் தெரிந்த இந்தியில் போட்டு உடைத்தாள், எல்லோர் காதிலும் விழ.

டாக்டர் திட்டித் தீர்த்தார். நாளைக் காலை மருந்தில்லாமல் வரச் சொன்னார்.

பஸ்ஸில் கலியன் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார். "பசங்க முன்னாடி மானத்த வாங்கிட்ட."

மறுநாளும் அதே மாடிப்படி. கலியன் பெஞ்சில் இரண்டு கைகளையும் ஊன்றி உட்கார்ந்தார். தோள்கள் ஏறி இறங்கின. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினார்.

"குடு."

"கொண்டாரல," என்றாள் ராஜி. பர்ஸ் அவள் இடுப்பில்தான் இருந்தது.

யாரிடமும் எதையும் இரண்டாம் முறை கேட்டறியாத மனிதர் அவர். "ராஜி, முடியலடி. குடு."

ராஜி பர்ஸின் மேல் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "உள்ள கூப்புடுறாங்க, போங்க," என்றாள்.

கதவு சாத்திக்கொண்டது. ஷீலாவின் குரல் கேட்டது, பிறகு இருமல். ஷீலா மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடி இருமல், முடிவே இல்லாத இருமல். ராஜி கதவைப் பார்க்க மாட்டாமல் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். டெஸ்ட் முடிந்ததும் அவர்களே மருந்து கொடுத்து, வெகுநேரம் கழித்துத்தான் அவரை வெளியே அனுப்பினார்கள்.

கலியன் மெதுவாக வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். "டாக்டர் ஸ்டோருக்கு எழுதிட்டாரு," என்றார். அவர் குரலில் சந்தோஷமும் இல்லை, கோபமும் இல்லை. அவள் முகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"நெசமாவே கொண்டாரலியா?"

"கொண்டாந்தேன்," என்ற ராஜி அப்போதுதான் அழுதாள்.