சிலம்பக் கோழிகள், எட்டாவது வாரம்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குப் படக்கதை வந்துவிடும். சேந்தமங்கலம் சுற்றுவட்டாரத்துக் கோழிப்பண்ணைக்காரர்கள் அத்தனை பேர் போனிலும் அது வந்து விழும். யார் வரைகிறார்கள் என்றுதான் ஒருத்தருக்கும் தெரியாது. மருந்துத் தீவனம் தின்று ஆளுயரம் வளர்ந்துவிட்ட நாலு முட்டைக்கோழிகள், வெளிநாட்டு சினிமா வீரர்கள் மாதிரி முகமூடி கட்டிக்கொண்டு, சிலம்பம் சுற்றி முதலாளியைப் புரட்டி எடுக்கும். நாலுக்கும் பண்ணை வழக்கப்படி, ஒன்றையொன்று கொத்தாமலிருக்க மூக்கு நுனி வெட்டியிருக்கும். முதலாளிக்குத் தொப்பை, காதில் முடி, கோபம் வந்தால் வேட்டியை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுகிற பழக்கம்.

பண்ணை முதலாளி கந்தவேலுக்கும் காதில் முடி உண்டு. வேட்டிப் பழக்கமும் உண்டு. சங்கக் கூட்டத்தில் ஒருத்தர் அவனைப் பார்த்துக் கொக்கரித்தே விட்டார். தராசு முள்ளைக்கூட இரண்டு தடவை தட்டிப் பார்க்கிற சந்தேகப் பிராணிக்கு இது போதாதா? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தன் பண்ணைக்குள் வந்துபோகிறவன் எவனோதான் வரைகிறான் என்று முடிவு கட்டினான்.

பொறி ஒன்று வைத்தான். பதினோரு வருஷமாகப் பண்ணையிலேயே குடியிருக்கும் சூப்பர்வைசர் வீரபாகுவிடம், கோழியை விட்டுவிட்டு வாத்துக்கு மாறப் போவதாகச் சொன்னான். லாரி டிரைவர் ஆண்டியிடம் காடை என்றான். மருந்து விற்க வரும் சமியுல்லாவிடம் வான்கோழி. எந்தப் பறவை படக்கதையில் வருகிறதோ, அந்த ஆள் மாட்டினான். இந்தச் சாமர்த்தியத்தைச் சாப்பாட்டு நேரத்தில் மனைவி தனப்பிரியாவிடம் சொல்லிப் பூரித்துப்போனான். அவள் ரசம் ஊற்றினாள்.

ஆனால் ஞாயிறு வரை பொறுக்க முடிந்தால் அவன் கந்தவேலா? சனிக்கிழமை, தீவன அறையில் வீரபாகு போனைப் பார்த்துச் சிரிப்பதைக் கண்டான். நாளைக் காலைக்குள் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள் என்றெல்லாம் வீரபாகு கெஞ்சவில்லை.

"நானில்லீங்க" என்றான், அவ்வளவுதான்.

ஞாயிறு காலை தோசை தின்றுகொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. முதல் கட்டத்தில் முதலாளி ஒருத்தன் காதில் வாத்து என்று ஓதினார். அடுத்ததில் காடை, அதற்கடுத்ததில் வான்கோழி. கடைசிக் கட்டத்தில் அந்தத் தந்திரத்தைப் பெருமையடித்துக்கொண்டே சாப்பிட்டார். எதிரே முகமூடி இல்லாத ஒரு கோழி ரசம் ஊற்றிக்கொண்டிருந்தது.

கந்தவேல் போனிலிருந்து தலையைத் தூக்கி மனைவியைப் பார்த்தான். உலகத்தையே சந்தேகப்பட்டவன், இவளைச் சந்தேகப்படும் அளவுக்குக்கூட ஒரு நாளும் மதித்ததில்லை. அந்த நினைப்பு அவமானமாக இருந்தது. இனி மறைக்கவும் போவதில்லை என்றுதான் அவள் வரைந்திருக்கிறாள்.

தனப்பிரியா இன்னொரு தோசையை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, வீரபாகு சாமானமெல்லாம் ஏத்தீட்டாருங்க. எறக்கச் சொல்லட்டுங்களா?"

சொல்லு என்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கை தானாக வேட்டி முடிச்சுக்குப் போய், அங்கேயே நின்றது.

ஜன்னலுக்கு வெளியே டெம்போ உறுமியது. வீரபாகுவின் மனைவி, துணி காயப்போடும் கொடிக்கயிற்றின் முடிச்சைப் பல்லால் இழுத்து அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.