முந்நூற்று மூன்று குதிரைத்திறன்

இந்தக் கதையில் சில இடங்களை நான் தவறாகச் சொல்லக்கூடும். அந்த வாரம் மழை விட்டிருந்ததா, கார் ஷெட்டை விட்டுப் போனபோது நாலு மணியா ஐந்தா, எதுவும் உறுதியில்லை. உஸ்மானைக் கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒன்று சொல்வார். ஒரு எண்ணை மட்டும் அவர் மாற்றிச் சொன்னதில்லை. முந்நூற்று மூன்று.

ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் இன்ஜின் சோதனைப் பிரிவில் பதினான்கு வருடம் இருந்துவிட்டு, பாகலூர் சாலையில் தகர ஷெட் போட்டு உட்கார்ந்தவர் உஸ்மான். கம்பெனி செய்து அனுப்பிய காருக்கு மேற்கொண்டு பலம் ஏற்றித் தருவது அவர் தொழில். லேப்டாப்பை வண்டியோடு இணைத்து, இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் எண்களை ஒவ்வொன்றாக மாற்றுவார். ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் அரைமணி நேரம் வாய் திறக்கமாட்டார்.

வெங்கட் பாகலூரில் ஆறு ஏக்கரில் செண்டுமல்லி போடுகிறவன். பெங்களூரில் யாரோ ஓட்டிச் சலித்த இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருந்தான். கம்பெனி கொடுத்தது இருநூற்று நாற்பது குதிரைத்திறன். ஞாயிற்றுக்கிழமைகளில் நெடுஞ்சாலையோரம் கூடும் கார்க்காரர்களுக்கு அது போதவில்லை.

"மார்க்கெட்டுக்கு லோடு எறக்கிட்டு வர்றியா மச்சின்னு கேக்கறானுங்க பாய். டிக்கில பூ வாசன வருதாம். முந்நூறு இல்லாம நான் அங்க போறதில்ல."

"பூ வாசனைய என்னால எடுக்க முடியாதுப்பா."

"அது கெடக்குது. நீங்க முந்நூறு குடுங்க."

மூன்று நாள் வேலை நடந்தது. காற்று உள்ளே போகும் வழியை அகலமாக்கினார். புகை வெளியேறும் குழாயை மாற்றினார். காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். காரை உருளைகளின் மேல் நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டுத் திரையைப் பார்த்தார்கள். இருநூற்றுத் தொண்ணூற்றொன்று. மறுபடி ஓடவிட்டார். இருநூற்று எண்பது. அடுத்த முறை இன்னும் இறங்கியது.

காரணம் உஸ்மானுக்குத் தெரியும். தகரக் கூரையின் கீழ் மத்தியான வெக்கை. ஷெட்டில் இருந்த மின்விசிறி எந்த மூலைக்கும் பற்றவில்லை. உள்ளே போகும் காற்று ஓர் அளவுக்கு மேல் சூடானால் இன்ஜின் தன் பலத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படிக் குறைக்காவிட்டால் பிஸ்டன் உருகிவிடும். கம்பெனிக்காரர்கள் வைத்த காவல் அது. அந்தக் காவல் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்குத்தான் பதினான்கு வருடம் அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

அன்று ஆயுத பூஜைக்கு முந்தின நாள். வண்டியைக் கழுவ வேண்டும், பூஜை போட வேண்டும் என்று வெங்கட் கால் மாற்றிக் கால் நின்றுகொண்டிருந்தான்.

"இதுக்கு மேல ஏறாதா பாய்?"

உஸ்மான் லேப்டாப் பக்கம் திரும்பினார். அந்தக் காவலை அணைத்தார். இந்த ஒரு ஓட்டத்துக்கு மட்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். உருளைகள் அலறின. திரையில் முந்நூற்று மூன்று.

வெங்கட் அதைப் போனில் படம் எடுத்தான். வீட்டிலிருந்து அழைப்பு வர, தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தபடியே சாவியை எடுத்தான். "இருப்பா, ஒண்ணு பாக்கி இருக்கு" என்று உஸ்மான் சொன்னாரா, சொல்ல நினைத்ததோடு சரியா? அதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. காவலைத் திரும்பப் போட்டுவிட்டோம் என்றும் ஒரு நினைவு இருந்தது. விரல் அந்தப் பொத்தானை அழுத்தியதுகூடத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் நூறு கார்களுக்கு அழுத்திய விரல் அது.

பூஜையன்று வெங்கட்டின் மனைவி சுமலதா, ஷெட்டுக்குப் பொரியும் கடலையும் கொடுத்தனுப்பினாள். அதற்கு மறுநாள், உஸ்மான் டீக்கடையில் நிற்கும்போது கார் எதிரே போனது. முன்பக்கம் முழுக்க செண்டுமல்லி. தோட்டத்துப் பூ என்பதால் கஞ்சத்தனம் இல்லை. காரின் வாய் தெரியாதபடி சுற்றுச்சுற்றாகக் கட்டியிருந்தார்கள். டர்போ சூடாக்கிய காற்றை ஆற வைக்கும் ரேடியேட்டர் அந்த வாய்க்குப் பின்னால்தான் இருக்கிறது.

காவல் இருக்கும் கார் என்றால் மாலையோடு கொஞ்சம் சோம்பலாக ஓடும், அவ்வளவுதான். காவல் இருக்கிறதா?

வெங்கட்டுக்குப் போன் செய்தார். எடுத்தது சுமலதா.

"சொல்லுங்கண்ணா. பொரி வந்துச்சா?"

"வந்துச்சும்மா. எம் பொண்ணு நாஸியா எனக்கே மிச்சம் வைக்கல."

"வண்டி மாலை பாத்தீங்களா? நான் கட்டுனது. நாலு சுத்து. அதுவா உதிர்ற வரைக்கும் கை வைக்கக் கூடாதுன்னுட்டாங்க எங்க அத்த."

உஸ்மான் போனைக் காதில் வைத்தபடி நின்றார். பூஜை மாலையைக் கழற்று என்று அந்த வீட்டுப் பெண்ணிடம் தான் எப்படிச் சொல்வது? பொரி கொடுத்தனுப்பிய வீடு. என்ன நினைப்பார்கள்? காரைக் கொண்டுவரச் சொல்லலாம். சொன்னால் ஏன் என்று வெங்கட் கேட்பான். முந்நூற்று மூன்று பொய் என்று ஆகும்.

"அண்ணா? இருக்கீங்களா?"

"இருக்கேம்மா. மாலை நல்லா இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை கிருஷ்ணகிரியில் ஒரு சீமந்தம் முடித்து வெங்கட்டும் சுமலதாவும் திரும்பினார்கள். நல்ல வெயில். குருபரப்பள்ளி தாண்டி சூளகிரி நோக்கி ஏறும்போது வெங்கட் மிதித்தான். இன்ஜின் ஒருமுறை உறுமி உடைந்தது. வேகமாகப் போகும் வரிசையில் கார் செத்து நின்றது. பின்னால் வந்த லாரி ஒடித்துப் பார்த்தும் இடது பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போனது. இடது பக்கம் உட்கார்ந்திருந்தது சுமலதா.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வெங்கட் நெற்றியில் பிளாஸ்திரியோடு இருந்தான்.

"தப்பு என்னுதுதான் பாய். ஏத்தத்துல ரொம்ப மிதிச்சுட்டேன். நீங்கதான் அன்னைக்கே சொன்னீங்களே, பாத்து ஓட்டுன்னு."

உஸ்மான் அவனையே பார்த்தார். சொன்னேனா?

"அம்மா வேற அவள வையுது. மாலை கட்டறப்ப நூல் அறுந்துச்சாம். அபசகுனம்னு தெரிஞ்சும் ஏன்டி கட்டுனேன்னு. கையும் தோளும் நொறுங்கிக் கெடக்கறவள."

உஸ்மான் ஷெட்டுக்குத் திரும்பி லேப்டாப்பைத் திறந்தார். அந்தக் காரில் ஏற்றிய ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோடு அதில் பதிந்திருக்கும். மூன்று நாளாக அதைத் திறக்காமல் இருந்ததற்கும் அதுதான் காரணம். கடைசி மாற்றம் பூஜைக்கு முந்தின நாள், மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம். காவல் அணைக்கப்பட்டது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. அழிக்க ஒரு நொடி போதும். யாரும் கேட்கப்போவதில்லை. வெங்கட் தானாகவே பழியை எடுத்துக்கொண்டான். அவனிடமிருந்து மிஞ்சியதை அவன் அம்மா சுமலதாவின் மேல் போட்டுவிட்டாள்.

மறுநாள் லேப்டாப்போடு போனார். சுமலதா கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் மாமியார் மாதேஸ்வரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். வெங்கட் ஜன்னலோரம்.

"நூலும் இல்ல, மிதிச்சதும் இல்ல," என்றார் உஸ்மான். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். வெக்கையில் எண் இறங்கியதை, காவலை அணைத்ததை, திரும்பப் போடாததை, மாலை காற்றை அடைத்ததை. திரையைத் திருப்பிக் காட்டினார்.

மாதேஸ்வரியின் கையில் ஆரஞ்சு அப்படியே நின்றது.

"அப்ப முந்நூறு?" என்றான் வெங்கட்.

"இல்லப்பா."

வெங்கட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். சுமலதாதான் கேட்டாள்.

"அன்னைக்கு போன்ல இதத்தான் சொல்ல வந்தீங்களாண்ணா?"

"ஆமாம்மா."

"சொல்லியிருந்தா கழட்டியிருப்பேனே."

உஸ்மான் லேப்டாப்பை மூடினார்.

சுமலதாவின் கை சேர்ந்துவிட்டது; தோளுக்கு மேல் தூக்க முடியாது. மாலை கட்டுகிறாள். மாதேஸ்வரி அதன் பிறகு நூலைப் பற்றிப் பேசவில்லை. வெங்கட் காரைப் பழைய இரும்பு விலைக்குக் கொடுத்துவிட்டு வேனில் பூ ஏற்றிக்கொண்டு போகிறான். பாகலூர் சாலையில் உஸ்மானைப் பார்த்தால் தலையசைப்பான், நிறுத்துவதில்லை. உஸ்மான் உருளைகளை விற்றுவிட்டு, இப்போது அதே ஷெட்டில் லாரிகளுக்கு பிரேக் பார்க்கிறார்.